மூன்று நிமிடப் பாட்டு எங்கிருந்து வந்தது? வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்க வெகுஜன இசையைப் பற்றி அண்மையில் வந்த கடிதங்களில் சிலர் இசை வகைகள் பிறந்த விதத்தைக் கேட்டிருக்கிறார்கள். வேறு சிலர் ஒலிப்பதிவுக் கருவிகளின் வளர்ச்சியைக் கேட்டிருக்கிறார்கள். இந்த இரண்டையும் தனித்தனியே சொல்ல முடியாது என்பது பல ஆண்டுகள் பழைய தட்டுகளைக் கேட்டபின் எனக்கு ஏற்பட்ட உறுதியான எண்ணம். ஆகவே அந்தக் கடிதங்களை ஒன்றுசேர்த்து இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பழைய ஜாஸ் முதல் இன்றைய பாப் வரை, அமெரிக்கப் பாடல்கள் பெரும்பாலும் 3 நிமிடங்களில் முடிந்துவிடுகின்றனவே, ஏன்? கேட்பவர்களின் பொறுமை அவ்வளவுதானா?
— ஒரு வாசகர், காரைக்குடி

பொறுமைக்கும் இதற்கும் தொடர்பில்லை; இசைத்தட்டின் அகலமே அந்த அளவைத் தீர்மானித்தது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் மிகுதியாக விற்பனையானவை 10 அங்குல விட்டமுள்ள, நிமிடத்திற்கு 78 முறை சுழலும் தட்டுகள். 3 நிமிடப் பாட்டுக்கு அந்தத் தட்டு 234 முறை சுழல வேண்டும். அன்றைய தடித்த ஊசி ஓடுவதற்கேற்ற வரிப்பள்ளங்கள் ஓர் அங்குலத்தில் ஏறத்தாழ நூறுதான் அடங்கும். நடுவில் ஒட்டப்படும் பெயர்ச்சீட்டுக்கும் இடம் விட்டுக் கணக்கிட்டால், ஒரு பக்கத்தில் 3 நிமிடங்களுக்குச் சற்று மேல் எதையும் வைக்க இடமிருக்காது.

ஆடுபவர்கள் களைத்துப்போகும் வரை ஒரே பாட்டை வளர்த்துக்கொண்டே போய்ப் பழகிய நடனக்கூடக் குழுக்கள், இந்த அளவுக்குள் அடங்குவதற்காகத் தங்கள் வாசிப்பை எண்ணி எண்ணிச் சுருக்கின. முன்னிசை எத்தனை தாளச் சுற்று, தனி வாசிப்பு யாருக்கு எத்தனை சுற்று, முடிப்பு எங்கே என்பதெல்லாம் தட்டுக்காகவே வகுக்கப்பட்டன. கொலம்பியா நிறுவனம் 1948 ஜூனில் ஒரு பக்கத்தில் 20 நிமிடங்களுக்கு மேல் ஓடக்கூடிய, நிமிடத்திற்கு 33⅓ சுற்று சுழலும் எல்.பி. தட்டை வெளியிட்ட பிறகும் பழக்கம் மாறவில்லை. அடுத்த ஆண்டே ஆர்.சி.ஏ. விக்டர் கொண்டுவந்த 7 அங்குல, 45 சுற்றுத் தட்டும், அதை நம்பியிருந்த வானொலி நிலையங்களும், காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டிகளும் பழைய அளவைக் காப்பாற்றிவிட்டன. ரே சார்ல்ஸ் 1959இல் பதிவுசெய்த 'வாட் ட் ஐ சே' 6 நிமிடங்களைத் தாண்டியதால், அதைப் பாதியில் துண்டித்துத் தட்டின் இரு பக்கங்களிலும் வைத்தார்கள். பாட்டு நடுவில் நிற்கும். கேட்பவர் எழுந்து சென்று தட்டைத் திருப்பிப் போடவேண்டும்.

இங்கே நமக்கும் ஒரு பங்கு உண்டு. வினைல் வருவதற்கு முன்பு அந்தத் தட்டுகளை இறுக்கிப் பிடித்திருந்த பொருள் அரக்கு. பாண்டவர்களை எரிப்பதற்காகக் கட்டப்பட்ட மாளிகையின் அதே அரக்குதான். சோட்டா நாக்பூர்ப் பகுதிக் காடுகளில் பலாசம் போன்ற மரங்களின் கிளைகளில் அரக்குப் பூச்சிகள் சுரக்கும் பிசினைச் சுரண்டிச் சேர்த்து, உருக்கி, கப்பலேற்றினார்கள். 1942இல் போரினால் அந்த வரத்து நெருக்கடிக்குள்ளானபோது அமெரிக்க அரசு இசைத்தட்டுக்கான அரக்கைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. நிறுவனங்கள் பழைய தட்டுகளைத் திரும்ப வாங்கி, அரைத்துப் புதிய தட்டுகளாக வார்த்தன. எத்தனை அரிய குரல்கள் அப்படி அரைபட்டிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

கேள்வி: 1920களின் ஜாஸ் தட்டுகளைக் கேட்டால் தாளவாத்தியம் ஏறக்குறைய இல்லாததுபோல் இருக்கிறது. அக்காலத்தில் ஜாஸ் இசை உண்மையிலேயே அப்படித்தான் ஒலித்ததா?
— ஓர் இசை மாணவி, தஞ்சாவூர்

இல்லை. நீங்கள் கேட்பது ஜாஸ் இசையில் அன்றைய கருவியால் பிடிக்க முடிந்த பகுதியை மட்டுமே. 1925 வரை ஒலிப்பதிவில் மின்சாரத்திற்கு இடமில்லை. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய கூம்பின் வாயை நோக்கி எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு வாசிப்பார்கள். கூம்பின் மறுமுனையில் மெல்லிய தகடு அதிர, அந்த அதிர்வு ஊசியின் வழியாகச் சுழலும் மெழுகுத்தட்டில் வரியாகக் கீறப்படும். இந்த ஏற்பாட்டில் கணீரென்ற நடுத்தர ஒலிகள் நன்றாகப் பதியும். கனத்த அடிநாதம் பதியாது. பெரிய முரசை ஓங்கி அடித்தால் ஊசியே துள்ளி, தட்டு வீணாகிவிடும். அதனால் பல பதிவுகளில் பெரிய தந்திக் கருவியான டபுள் பாஸுக்குப் பதிலாக டியூபா என்னும் பித்தளைக் கருவியை வைத்தார்கள்; முரசுகாரருக்கு மரக்கட்டைகளைக் கொடுத்தார்கள்.

கிங் ஆலிவரின் கிரியோல் ஜாஸ் குழு 1923 ஏப்ரலில் இண்டியானா மாநிலத்தின் ரிச்மண்டு நகரில் ஜெனட் நிறுவனத்துக்காகப் பதிவுசெய்த தட்டுகள் இதற்கு நல்ல சான்று. அந்தக் கூடம் ஒரு பியானோ தொழிற்சாலை வளாகத்தில், ரயில் பாதையை ஒட்டி இருந்தது. ரயில் வந்தால் பதிவை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். நியூ ஆர்லியன்ஸின் தலைசிறந்த முரசுக் கலைஞர்களில் ஒருவரான பேபி டாட்ஸ் அங்கே தம் முழு முரசுத் தொகுதியை வாசிக்க முடியாமல், மரக்கட்டைகளைத் தட்டிக்கொண்டிருந்தார். அதே குழுவில், டிரம்பெட்டை ஒத்த பித்தளைக் கருவியான கார்னெட்டை இரண்டாவதாக வாசித்த 21 வயது லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஒலி மற்ற எல்லோரையும் மூழ்கடித்ததால் அவரைக் கூம்பிலிருந்து பல அடி தள்ளி நிறுத்தினார்கள் என்று, பியானோ வாசித்த லில் ஹார்டின் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

தட்டுகளைச் சாட்சியாகக் கொள்ளும்போது இன்னும் சிலவற்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஜாஸ் என்று பெயரிட்டு வெளிவந்த முதல் தட்டைப் பதிவுசெய்தது, 1917 பிப்ரவரியில் நியூயார்க்கில் வாசித்த ஒரிஜினல் டிக்ஸிலேண்டு ஜாஸ் பேண்டு என்னும் வெள்ளையர் குழு. அந்த இசையை உருவாக்கிய நியூ ஆர்லியன்ஸ் கறுப்பினக் கலைஞர்கள் பதிவுக்கூடத்துக்குள் நுழைய மேலும் சில ஆண்டுகள் ஆயின. அவர்களுள் முன்னோடியாகப் போற்றப்படும் பட்டி போல்டனின் வாசிப்பில் ஒரு நொடிகூட நமக்குக் கிடைக்கவில்லை. பிறகு 1942 ஆகஸ்டு முதல் அமெரிக்க இசைக் கலைஞர் சங்கம் ஒலிப்பதிவு வேலைநிறுத்தம் செய்தது. பெரிய நிறுவனங்களில் இரண்டுடன் உடன்பாடு ஏற்பட 1944 நவம்பர் ஆகிவிட்டது. சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லஸ்பியும் நியூயார்க்கின் இரவு விடுதிகளில் பீபாப் என்னும் புதிய ஜாஸை உருவாக்கிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவையே. அதனால்தான் அந்த இசை திடீரென்று வானத்திலிருந்து குதித்ததுபோல் தட்டுகளில் தோன்றுகிறது.

கேள்வி: மைக் வந்ததால்தான் மென்மையாகப் பாடுவது சாத்தியமாயிற்று என்கிறார்கள். அது மிகைப்படுத்தலா?
— ஒரு வாசகர், ஈரோடு

மிகையில்லை. பெல் ஆய்வுக்கூடத்தின் பொறியாளர்கள் உருவாக்கிய, கூம்புக்குப் பதிலாக ஒலிவாங்கியைக் கொண்ட மின்முறை ஒலிப்பதிவை வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்திடமிருந்து உரிமம் பெற்று, விக்டரும் கொலம்பியாவும் 1925இல் பயன்படுத்தத் தொடங்கின. அதற்கு முன்பு 1923இல் முதல் தட்டைப் பாடிய புளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித், கூடார மேடைகளில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாடிப் பழகிய கம்பீரக் குரலோடு வந்தவர். கூம்புக்கு அத்தகைய குரலே தேவைப்பட்டது. ஒலிவாங்கி வந்தபின் காதருகே பேசுவதுபோலப் பாடலாம் என்பதை ஜீன் ஆஸ்டின், ரூடி வாலி, பிங் கிராஸ்பி முதலியவர்கள் கண்டுகொண்டார்கள். இந்தப் பாணிக்குக் குரூனிங் என்று பெயர் வந்தது. முன்பின் தெரியாத ஆண் ஒருவன் வீட்டுக் கூடத்திலுள்ள வானொலிப் பெட்டிக்குள்ளிருந்து இத்தனை நெருக்கமாகப் பாடுவது பலருக்கு ஒழுக்கக்கேடாகவே பட்டது. பாஸ்டன் நகரின் கத்தோலிக்கக் கார்டினல் வில்லியம் ஓகானல் 1932இல் குரூனர்களை வெளிப்படையாகக் கண்டித்தார்.

என்னைக் கேட்டால், ஒலிவாங்கியின் உண்மையான பரிசு ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே. அவருடைய குரலின் எல்லை சிறியது, வலிமையும் குறைவு. ஆனால் ஒரு சொல்லைத் தாளத்திற்குச் சற்றுப் பின்னே தள்ளிவைத்து, அதன் கடைசி எழுத்தை லேசாக வளைத்து அவர் செய்தவை யாவும், கூம்பின் காலத்தில் பிறந்திருந்தால் எவர் காதுக்கும் எட்டாமல் போயிருக்கும்.

கேள்வி: புளூஸ் பாட்டும் கன்ட்ரி பாட்டும் அமைப்பில் இவ்வளவு நெருக்கமாக இருந்தும், ஒன்று கறுப்பினத்தவர் இசை, மற்றொன்று வெள்ளையர் இசை என்று எப்படிப் பிரிந்தன?
— ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

இந்தக் கேள்விக்காகவே இந்த இதழின் பதில்களை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். அந்தப் பிரிவினையை உண்டாக்கியதில் பெரும்பங்கு விற்பனைப் பட்டியல்களுக்கு உண்டு. 1920 ஆகஸ்டில் ஓகே நிறுவனத்துக்காக மேமி ஸ்மித் பாடிய 'கிரேஸி புளூஸ்' எதிர்பாராத அளவு விற்றது. கறுப்பின மக்களும் காசு கொடுத்துத் தட்டு வாங்குவார்கள் என்பதை நிறுவனங்கள் அப்போதுதான் உணர்ந்தன. உடனே அவர்களுக்கென்று 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்', அதாவது இனத் தட்டுகள், என்ற தனி வரிசையைத் தொடங்கின. 1923 ஜூனில் அதே ஓகேயின் ரால்ஃப் பியர், அட்லாண்டா நகரில் ஃபிட்லின் ஜான் கார்சன் என்ற வயலின் கலைஞரைப் பதிவுசெய்தார். அது தெற்கத்திய வெள்ளையர்களிடம் நன்றாக விற்கவே, 'ஹில்பில்லி' என்ற பெயரில், மலைநாட்டான் என்ற ஏளனம் கலந்த சொல் அது, இன்னொரு வரிசை பிறந்தது. ஒரே ஊரில், ஒரே தெருவில், ஒரே மாதிரியான பாட்டைப் பாடிய இருவரின் தட்டுகள், தோலின் நிறத்தைப் பார்த்து இரண்டு பட்டியல்களில், இரண்டு வரிசை எண்களில் வெளிவந்தன. ஹில்பில்லிப் பாட்டில் தேர்ந்த கறுப்பினக் கலைஞரிடமும் பதிவாளர்கள் புளூஸ்தான் கேட்டார்கள். பட்டியலுக்குப் பொருந்தாதது பதிவாகவே இல்லை.

இந்தப் பிரிவினை நாடெங்கும் பரவியதற்கும் ஒரு கருவி துணை நின்றது. மின்முறைப் பதிவுக்கருவியை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோக முடிந்தது. 1927 ஜூலை இறுதியிலும் ஆகஸ்டு தொடக்கத்திலும், அப்போது விக்டரில் இருந்த பியர், டென்னஸி – வர்ஜீனியா எல்லையிலுள்ள பிரிஸ்டல் நகரில் பழைய கட்டடம் ஒன்றில் கருவிகளை நிறுவினார். கன்ட்ரி இசையின் இரு பெரும் ஊற்றுகளான கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராட்ஜர்ஸும் ஒரே வாரத்தில் அங்கே முதன்முதலாகப் பதிவானார்கள். அவர்களின் இசை வெள்ளையரின் தூய நாட்டுப்புற இசை என்று விற்கப்பட்டது. ஆனால் ஏ.பி. கார்ட்டர் மலைக் கிராமங்களில் பாட்டுத் தேடி அலைந்தபோது, லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கித்தார் கலைஞர் அவருடன் பயணம் செய்தார்; கார்ட்டர் வரிகளை எழுதிக்கொள்ள, ரிடில் மெட்டை மனத்தில் வாங்கி வந்து குடும்பத்தாருக்குச் சொல்லிக்கொடுத்தார். கார்ட்டர் குடும்பத்தின் தட்டுகளில் அவர் பெயர் இல்லை. ஜிம்மி ராட்ஜர்ஸ் 1930இல் பதிவுசெய்த ஒன்பதாவது 'புளூ யோடல்' பாட்டில் டிரம்பெட் வாசித்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங். பியானோ, லில் ஹார்டின். அவர்கள் பெயர்களும் அந்தத் தட்டில் இடம்பெறவில்லை. நாஷ்வில் வானொலியின் கிராண்ட் ஓல் ஓப்ரி நிகழ்ச்சியின் தொடக்க கால நட்சத்திரங்களில் ஒருவரான மௌத் ஆர்கன் கலைஞர் டிஃபோர்ட் பெய்லி கறுப்பினத்தவர்.

1949இல் இசை வணிக இதழான பில்போர்டு 'இனத் தட்டுகள்' என்ற தலைப்பைக் கைவிட்டு, அங்கே பணியாற்றிய ஜெரி வெக்ஸ்லர் முன்மொழிந்த 'ரிதம் அண்டு புளூஸ்' என்ற பெயரை ஏற்றது. பெயர் கண்ணியமடைந்தது, பட்டியல்களின் வேலி அப்படியே நின்றது.

கேள்வி: முதல் ராக் அண்டு ரோல் தட்டு எது?
— ஒரு வாசகர், புதுச்சேரி

ஒன்றைச் சுட்டிக்காட்டினால் பத்துப் பேர் மறுப்பார்கள். எனக்கும் அப்படி ஒன்று இருந்ததாக நம்பிக்கை இல்லை. நற்செய்திப் பாடகியான சிஸ்டர் ரோஸெட்டா தார்ப் 1944இலேயே மின்கித்தாரை அந்தத் துடிப்போடு வாசித்திருக்கிறார். பலரும் சொல்லும் பெயர், 1951 மார்ச்சில் மெம்ஃபிஸ் நகரில் ஐக் டர்னரின் குழு வாசிக்க, ஜாக்கி பிரென்ஸ்டன் பாடிய 'ராக்கெட் 88'. மிசிசிப்பியிலிருந்து வரும் வழியில் கித்தாரின் ஆம்ப்ளிஃபையர் பழுதாகிவிட்டது. மாற்றுக்கு வேறில்லை. பதிவுக்கூட உரிமையாளர் சாம் ஃபிலிப்ஸ், கிழிந்த ஒலிக்கூம்புக்குள் காகிதத்தைத் திணித்தார். அதிலிருந்து எழுந்த கரகரத்த, உறுமும் ஒலி அவருக்குப் பிடித்துப்போய், அதை மறைக்காமல் முன்னுக்குக் கொண்டுவந்து பதிவுசெய்தார்.

அதே கூடத்தில் 1954 ஜூலையில் எல்விஸ் பிரெஸ்லி தம் முதல் தட்டைப் பாடினார். அதன் ஒரு பக்கம், ஆர்தர் குருடப் என்ற கறுப்பினப் புளூஸ் பாடகரின் பாட்டு. மறுபக்கம், கன்ட்ரி இசையின் ஒரு கிளையான புளூகிராஸில் பில் மன்றோவின் பாட்டு. யாழ்ப்பாண வாசகர் கேட்ட இரண்டு பட்டியல்களும் ஒரே தட்டின் இரண்டு பக்கங்களில் வந்து சேர்ந்துவிட்டன. இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கக் காரணம், ஃபிலிப்ஸ் சேர்த்த எதிரொலி. காந்த நாடாக் கருவியில் ஒலியைப் பதியும் தலையும் அதைத் திரும்ப ஒலிக்கச் செய்யும் தலையும் சற்றுத் தள்ளி இருக்கும். நாடா நொடிக்கு 15 அங்குல வேகத்தில் ஓடி, இரு தலைகளுக்கும் இடையே 2 அங்குலம் இருந்தால், ஒலி நொடியில் ஏழில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான நேரம் தாமதித்துக் கேட்கும். அந்தத் தாமதித்த ஒலியை மூல ஒலியோடு கலந்தால், மூன்றே பேர் வாசித்தாலும் ஒரு கூட்டமே வாசிப்பதுபோன்ற படபடப்பு உண்டாகும்.

கேள்வி: ஒலிப்பதிவுப் படிப்பில் முழுக்கக் கணினியிலேயே வேலை செய்கிறோம். காந்த நாடாவின் வருகையை ஒரு புரட்சி என்று ஆசிரியர்கள் சொல்வது எதனால்?
— ஒரு மாணவர், சென்னை

நீங்கள் கணினித் திரையில் ஒலியை வெட்டி, நகர்த்தி, அடுக்குகிறீர்கள் அல்லவா? அந்த எண்ணமே நாடாவிலிருந்து பிறந்ததுதான். நேரடியாகத் தட்டில் கீறிய காலத்தில், இரண்டாவது நிமிடத்தில் ஒருவர் பிழை செய்தால் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். நாடாவைச் சவர பிளேடால் வெட்டி ஒட்டலாம். அழித்து மீண்டும் பதியலாம்.

ஜெர்மனியில் 1930களிலேயே ஏ.இ.ஜி. நிறுவனம் மேக்னட்டஃபோன் என்ற நாடாக் கருவியைச் செய்திருந்தது. போர் முடிந்தபோது அமெரிக்கப் படையின் தொடர்புப் பிரிவில் இருந்த ஜாக் மல்லின் அத்தகைய கருவிகள் இரண்டைப் பாகம் பாகமாகப் பிரித்து, நாடாச் சுருள்களுடன் சொந்த ஊருக்கு அனுப்பினார். அவற்றைச் சீரமைத்து 1946இல் சான் பிரான்சிஸ்கோவில் பொறியாளர்கள் முன்னிலையில் ஒலிக்கச் செய்தார். வாரந்தோறும் நேரடியாக வானொலியில் பாடிச் சலித்திருந்த பிங் கிராஸ்பி இதில் தம் விடுதலையைக் கண்டார். 1947இல் தம் நிகழ்ச்சியை நாடாவில் பதிவுசெய்யத் தொடங்கி, ஆம்பெக்ஸ் என்ற சிறிய கலிஃபோர்னிய நிறுவனம் தயாரிக்கத் தொடங்கிய கருவிகளுக்கு 50,000 டாலர் முதலீடும் கொடுத்தார். ஒலிவாங்கியால் உருவான பாடகரே நாடாவையும் வளர்த்தெடுத்தார் என்பது இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

அந்தக் கருவிகளில் ஒன்றை கிராஸ்பி தம் நண்பரான கித்தார் கலைஞர் லெஸ் பாலுக்குக் கொடுத்தார். லெஸ் பால் அதற்கு முன்பே தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றி மாற்றித் தம் கித்தாரின் மேல் தம் கித்தாரையே அடுக்கிப் பார்த்தவர். நாடா கைக்கு வந்தபின் மனைவி மேரி ஃபோர்டின் குரலையும் அப்படியே அடுக்கினார். 1951இல் வெளிவந்த 'ஹௌ ஹை த மூன்' பதிவில் ஒரே பெண் பல குரல்களாகவும், ஒரே கித்தார் ஒரு கூட்டமாகவும் ஒலிப்பதைக் கேட்ட மக்கள் வியந்தார்கள். அவர் பழைய ஒலியைக் கேட்டுக்கொண்டே புதியதைச் சேர்க்கும்போது முந்தைய அடுக்கு அழிந்து இரண்டும் கலந்த ஒன்றாகிவிடும். பதினோராவது அடுக்கில் கை தவறினால் பத்தும் போயிற்று. இந்த வேதனைக்கு முடிவாக, எட்டுத் தடங்களைத் தனித்தனியே ஒரே நாடாவில் பதியும் கருவியை ஆம்பெக்ஸ் 1957இல் அவருக்குச் செய்துகொடுத்தது. அட்லாண்டிக் நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் டாம் டௌடு அடுத்த ஆண்டே அத்தகைய கருவியைத் தம் கூடத்தில் நிறுவிக்கொண்டார்.

அதுவரை பதிவு என்பது எங்கோ ஒருமுறை நிகழ்ந்த வாசிப்பின் நிழல். இதன்பின் எங்கும் ஒருபோதும் நிகழாத வாசிப்பைப் பதிவுசெய்ய முடிந்தது. 1966இல் பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சன் 'பெட் சவுண்ட்ஸ்' தொகுப்பை உருவாக்கியபோது, ஒரு கூடத்தில் கருவியிசையைப் பதிந்து, அதை ஒரே தடமாக ஒடுக்கி, வேறு கூடத்தில் எட்டுத் தடக் கருவியில் எஞ்சிய தடங்களைக் குழுவினரின் குரல்களால் நிரப்பினார். பேரழகான தொகுப்பு அது. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: கலைஞர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, ஒருவர் மூச்சுக்கு ஒருவர் இசைந்து வாசித்த பதிவுகளில் உள்ள தளர்வும் நெருக்கமும் அடுக்கிச் செய்த பதிவுகளில் அரிதாகவே கிடைக்கின்றன. மாணவர் அவர்கள் ஒருமுறையாவது ஒரே அறையில், ஒரே நேரத்தில், திருத்தமின்றி ஒரு குழுவைப் பதிவுசெய்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: ஹிப் ஹாப் கலைஞர்கள் பிறருடைய தட்டுகளிலிருந்து துண்டுகளை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். அதை இசை என்பதா, திருட்டு என்பதா?
— ஒரு வாசகர், சேலம்

இசை என்றே சொல்வேன். ஆனால் அதற்குள் ஓர் அநீதி இருப்பதையும் மறைக்க மாட்டேன். 1973 ஆகஸ்டு 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்ககத்தின் பொதுக்கூடத்தில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த இளைஞரான கூல் ஹெர்க், தம் தங்கை ஏற்பாடு செய்த விருந்தில் தட்டுகளை ஓட்டினார். பாட்டு அடங்கி முரசு மட்டும் தனித்து ஒலிக்கும் சில நொடிகளுக்குத்தான் இளைஞர்கள் வெறியோடு ஆடுகிறார்கள் என்பதை அவர் கவனித்திருந்தார். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழல்மேசைகளில் வைத்து, ஒன்றில் அந்த இடம் முடிந்ததும் மற்றொன்றில் அதையே மீண்டும் ஒலிக்கச் செய்யும் முறையை அவர் வளர்த்தெடுத்தார். கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் அதைத் தாளம் பிசகாத நுட்பமாக்கினார். இசையைக் கேட்பதற்காகச் செய்யப்பட்ட கருவி அவர்கள் கையில் வாசிக்கும் வாத்தியமாயிற்று.

பின்னர் வந்த மின்னணுக் கருவிகளும் இப்படியே தலைகீழாக்கப்பட்டன. ரோலண்டு நிறுவனம் 1980இல் கொண்டுவந்த டி.ஆர்.-808 தாளக்கருவி உண்மையான முரசைப் போல ஒலிக்கவில்லை. ஏறத்தாழ 12,000 கருவிகளோடு 1983இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பழைய பொருட்கடைகளில் மலிவாகக் கிடைத்த அந்தக் கருவியின் ஆழ்ந்து நீளும் அடிநாதம், தென்மாநில ஹிப் ஹாப்பின் அடித்தளமாகவே ஆகிவிட்டது. தட்டுகளிலிருந்து எடுத்த ஒலித்துண்டுகளைச் சேமித்து வாசிக்க உதவிய, 1987இல் வந்த எஸ்.பி.-1200 கருவி மொத்தம் 10 நொடி ஒலியைத்தான் சேமிக்கும். இடத்தை மிச்சப்படுத்த, 33 சுற்றுத் தட்டை 45 சுற்றில் வேகமாக ஓட்டிச் சேமித்து, பிறகு கருவிக்குள் வேகத்தைக் குறைத்தார்கள். அதனால் உண்டான சொரசொரப்பே அக்கால ஹிப் ஹாப்பின் நிறமாயிற்று. தட்டின் அகலம் ஜாஸைச் சுருக்கியதுபோல, இந்தப் பத்து நொடி ஹிப் ஹாப்பைச் செதுக்கியது.

1991இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில், பிஸ் மார்க்கி என்ற கலைஞர் அனுமதியின்றி ஒரு பாட்டின் துண்டைப் பயன்படுத்திய வழக்கில், நீதிபதி கெவின் டஃபி "களவு செய்யாதிருப்பாயாக" என்ற பத்துக் கட்டளை வாசகத்துடன் தீர்ப்பைத் தொடங்கினார். அதன்பின் ஒவ்வொரு துண்டுக்கும் அனுமதியும் கட்டணமும் தேவைப்பட்டதால், ஒரே பாட்டில் பல துண்டுகளை நெருக்கமாகப் பின்னும் கலை பணக்காரர்களுக்கே எட்டுவதாகிவிட்டது. சரி, அந்தக் கட்டணம் யாருக்குப் போனது? ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பதிவில் கிளைட் ஸ்டபில்ஃபீல்டு வாசித்த சில நொடி முரசு எண்ணற்ற பாட்டுகளுக்கு அடித்தளமாக இருந்திருக்கிறது. பாட்டை இயற்றியவருக்கும் பதிவின் உரிமையாளருக்கும் சட்டம் உரிமை தருகிறது. அந்தத் தாளத்தைக் கைகளால் படைத்த முரசுக் கலைஞருக்குத் தருவதில்லை. ஸ்டபில்ஃபீல்டு 2017இல் காலமானார். திருட்டு என்ற சொல்லைப் பயன்படுத்துவதாக இருந்தால், முதலில் இந்த இடத்தில்தான் பயன்படுத்துவேன்.

கேள்வி: சுருதி சேராத குரலையும் ஆட்டோ டியூன் திருத்திவிடுகிறதே. இது ஏமாற்று வேலை இல்லையா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பூமிக்கடியில் எண்ணெய் இருக்கும் இடத்தை அதிர்வலைகளைக் கொண்டு கண்டறியும் துறையில் பணியாற்றிய ஆண்டி ஹில்டிபிராண்டு, அந்தக் கணித அறிவைக் குரலுக்குப் பயன்படுத்தி 1997இல் இந்த மென்பொருளை வெளியிட்டார். குறையை எவரும் அறியாமல் திருத்துவதே நோக்கம். அடுத்த ஆண்டு பாடகி ஷெர் பாடிய 'பிலீவ்' பாட்டில் அதை வேண்டுமென்றே முழு வேகத்தில் முடுக்கி, குரல் படிக்கட்டில் தாவுவதுபோல் ஒலிக்கச் செய்தார்கள். பாடகர் டி-பெயின் அதையே தம் பாணியாக்கினார். இவ்வாறு வெளிப்படையாகக் கையாளும்போது அது ஒரு வாத்தியம்; எனக்கு மறுப்பில்லை. ஒளித்துவைத்து, எல்லாக் குரல்களையும் ஒரே நேர்கோட்டில் இழுத்து நிறுத்துவதுதான் எனக்கு வருத்தம் தருகிறது. பில்லி ஹாலிடேயின் அந்த லேசான வளைவை இந்த மென்பொருள் பிழையென்று கணக்கிட்டு நிமிர்த்திவிடக்கூடும் அல்லவா?

கேள்வி: இந்த மாற்றங்களை என் காதாலேயே உணர விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்கலாம்?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

இரண்டே தட்டுகள் போதும். முதலில், மேலே சொன்ன கிங் ஆலிவர் குழுவின் 1923ஆம் ஆண்டுப் பதிவுகளில் 'டிப்பர் மௌத் புளூஸ்'. தெளிவில்லாத ஓர் ஒலிக்கூட்டத்தில் கார்னெட்டுகள் மட்டும் முன்னே தெரியும்; பேபி டாட்ஸின் மரக்கட்டை எங்கோ தொலைவில் கேட்கும். நான்கைந்து முறை கேளுங்கள், காது பழகிவிடும்.

அடுத்து, 1928 ஜூன் 28 அன்று சிகாகோவில் ஆம்ஸ்ட்ராங் மின்முறையில் பதிவுசெய்த 'வெஸ்ட் எண்டு புளூஸ்'. இயற்றியவர் அதே கிங் ஆலிவர். குருவின் பாட்டைச் சீடர் வாசிக்கிறார். துணையின்றித் தனித்து எழும் அந்த டிரம்பெட் முன்னிசைக்காகவே இதைக் கொண்டாடுகிறார்கள், கொண்டாடத் தக்கதுதான். ஆனால் நீங்கள் கடைசி வரை காத்திருங்கள். எல்லா வாத்தியங்களும் ஓய்ந்தபின், முரசுக் கலைஞர் ஸட்டி சிங்கிள்டன் கையிலுள்ள சிறு தாளத்தை ஒருமுறை மெல்லத் தட்டுவார். அந்த ஒரு தட்டல் தெளிவாகக் கேட்கும்.